விதியேடும் விதித்தவரும்: அமெரிக்க மாநிலங்களின் தொழிற்சட்ட வரலாற்றில் ஊழியர் கைந்நூல்

தொழிற்சட்டத்தின் வரலாறு பொதுவாகச் சட்டசபைகளின் வரலாறாகவும் நீதிமன்றங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. முற்போக்கு ஆய்வாளர் இதனோடு தொழிற்சங்கப் போராட்டங்களின் வரலாற்றையும் இணைத்து நோக்கினர். அவ்விணைப்பு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும் தொழிலாளி ஒருவர் தம் வாழ்நாளிற் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது அரிது. அவர் அன்றாடம் எதிர்கொள்வன தொழிற்சாலை வாயிலில் ஒட்டப்பட்ட விதிகளும், வேலையில் அமரும் நாளிற் கையில் தரப்படும் சிறு நூலுமேயாம். எத்தனை மணிக்கு வரவேண்டும், எதற்குத் தண்டம், எவ்வாறு விலக்கப்படுவார் என்பனவற்றை அவர் அறிவது அவற்றின் வாயிலாகவே. இவ்விதிகளை ஆக்குபவர் வேலைகொள்வோர், மாற்றுபவரும் அவரே, மீறப்பட்டனவா என முதலில் தீர்மானிப்பவரும் அவரே. இவ்வாறு ஒரு தரப்பார் மாத்திரம் எழுதிய விதி, எழுதியவரையும் கட்டுப்படுத்துமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினாவாகும்.

இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் ஒப்பந்தச் சட்டம் மாநிலங்களின் கையில் உள்ளது. ஒரே கம்பனியின் ஒரே கைந்நூல் ஒரு மாநிலத்தில் ஒப்பந்தமாகவும் அயல் மாநிலத்தில் வெறும் தாளாகவும் கொள்ளப்படும் விந்தை அங்கு நிகழ்ந்தது. முதலாளித்துவம் தன் சட்ட வடிவங்களைத் தேவைக்கேற்ப எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் களம் பிறிதொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மசசூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரிலிருந்து தொடங்குதல் பொருந்தும். 1820களில் மெரிமாக் ஆற்றின் நீர்வீழ்ச்சியை நம்பி எழுந்த இந்நகரின் பஞ்சாலைகள், நியூ இங்கிலாந்துப் பண்ணைக் குடும்பங்களின் இளம்பெண்களைப் பெருந்தொகையாக வேலைக்கு அமர்த்தின. அவர்கள் கம்பனிக்குச் சொந்தமான விடுதிகளில் தங்கினர். கம்பனியின் மணியோசைக்கு எழுந்தனர். இரவு கதவடைக்கும் நேரத்தையும் கம்பனியே விதித்தது. வாரத்திற்கு ஏறத்தாழ 73 மணி நேரம் உழைத்தனர். அக்காலத்து ஐரோப்பியப் பயணிகள் பலர் இந்நகரைக் கண்டு வியந்து எழுதினர். மஞ்செஸ்ரரின் புகையையும் சேரிகளையும் கண்ட கண்களுக்கு லோவெலின் தூய்மை வியப்பளித்திருக்கலாம். ஆனால் அத்தூய்மை யாருடைய விதியால் நிலைநிறுத்தப்பட்டது என்பதை அவர்களுள் மிகச் சிலரே வினவினர்.

லோவெலின் ஹமில்ற்றன் உற்பத்திக் கம்பனி 1848 இல் அச்சிட்டு வெளியிட்ட விதிகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒரே தாளில் அடங்கும் அவ்விதிகளை இன்றைய கைந்நூல்களின் மூதாதை எனலாம். மேற்பார்வையாளரின் இசைவின்றி வேலைக்கு வராதிருத்தல் ஆகாது. ஞாயிறு வழிபாட்டிற்கு வழக்கமாகச் செல்லாதோருக்கும் ஒழுக்கக்கேடு அறியப்பட்டோருக்கும் வேலை இல்லை. மாதம் ஒருமுறை மருத்துவர் வந்து அம்மைப்பால் குத்துவார். அதற்குக் கட்டணம் இல்லை. ஆலையிலிருந்து நூலோ துணியோ எடுத்துச் செல்வோர் திருடராகக் கருதப்படுவர். வேலையில் அமர்வோர் 12 மாதத்திற்கு அமர்ந்தவராகக் கொள்ளப்படுவர். அதற்குமுன் விலகுவோருக்கும் விதிகளைப் பின்பற்றாதோருக்கும் முறையான விடுகைச் சான்று கிடையாது. விலக எண்ணுவோர் இரண்டு வார முன்னறிவித்தல் தரவேண்டும். கம்பனி ஒருவரை விலக்குவதாயின் அது எத்தனை நாள் முன்னறிவித்தல் தரவேண்டும் என்பதற்கு அத்தாளில் இடமில்லை.

விடுகைச் சான்று என்னும் இத்தாள் சிறிது விளக்கத்திற்குரியது. அஃது இல்லாத பெண்ணுக்கு நகரின் பிற ஆலைகளில் வேலை கிடைப்பது அரிதாயிற்று. கம்பனிகள் தம்முள் பெயர்களைப் பரிமாறிக்கொண்டன. நம் நாட்டுப் பெருந்தோட்டங்களில் 1921 இல் ஒழிக்கப்படும் வரை நிலவிய துண்டு முறையை அறிந்தோருக்கு இதன் உட்பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடன் என்னும் தளை இங்கு இருந்தது, அங்கு இல்லை. ஆயினும் உழைப்பாளி ஓரிடம் விட்டு ஓரிடம் பெயரும் உரிமையை உடைமையாளரின் கையெழுத்தில் தங்கவைத்த வகையில் இரண்டும் ஒரே இனத்தன.

எனினும் நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது அவ்விதிகளின் இறுதிப் பகுதியில் உள்ள ஒரு வாசகமாகும். இவ்விதிகள் ஒப்பந்தத்தின் பகுதியாகக் கருதப்படும், கம்பனியில் வேலைக்கு அமரும் அனைவரும் அவற்றுக்கு உட்பட உடன்படுகின்றனர் என்பது அதன் பொருள். ஆகவே 1848 இல் வேலைகொள்வோர் தம் விதியேட்டை ஒப்பந்தம் என்று தாமே உரத்துச் சொன்னார். அவ்வொப்பந்தம் அன்று கட்டியது ஒரு தரப்பை மாத்திரமே. அதனாலேயே அவ்வாறு சொல்லத் துணிந்தார். இதனை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ 140 ஆண்டுகளின் பின் இதற்கு நேர்மாறான வாசகத்தை நாம் சந்திக்கவுள்ளோம்.

லோவெல் பெண்கள் வாளாவிருக்கவில்லை. 1834 இல் கூலிக் குறைப்பை எதிர்த்தும் 1836 இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்தும் வேலைநிறுத்தம் செய்தனர். 1840களின் நடுப்பகுதியில் சாரா பக்லி முதலியோர் தலைமையில் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் அமைத்துப் பத்து மணி நேர வேலைநாளைக் கோரி மாநிலச் சட்டசபைக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். 1845 இல் சட்டசபைக் குழுவொன்று அவர்களது சாட்சியத்தைக் கேட்டது; வேலை நேரம் என்பது வேலைகொள்வோரும் தொழிலாளரும் தமக்குள் தீர்க்கவேண்டிய விடயம், சட்டம் தலையிடுதற்குரியதன்று என முடிவுசெய்தது. தமக்குள் என்ற சொல்லில் அடங்கிய ஏளனத்தைக் குழுவினர் உணர்ந்தாரில்லை.

அயல் மாநிலமான நியூ ஹம்ஷயர் 1847 இல் பத்து மணி நேரச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்க மாநிலங்களுள் இதுவே முதலாவது. ஆனால் வெளிப்படையான ஒப்பந்தத்தின் மூலம் கூடிய நேரம் வேலைசெய்ய உடன்படலாம் என்ற விலக்கு அச்சட்டத்திலேயே இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே ஆலை முகவர் அத்தகைய ஒப்பந்தத் தாள்களைத் தொழிலாளர் முன் நீட்டினர். கையெழுத்திட மறுத்தோர் வேலையிழந்தனர். சட்டத்தை மீறாமலே சட்டத்தை வெறுமையாக்கும் கலையின் தொடக்க எடுத்துக்காட்டு இது எனலாம். மாநிலச் சட்டத்துக்கு இணங்கி ஒழுகுதல் என இன்று ஆலோசகர் கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் துறையின் ஒரு வேர் இங்கேயும் உள்ளது.

மசசூசெற்ஸ் மாநிலம் பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் வாரத்திற்கு 60 மணி நேர எல்லையைச் சட்டமாக்க 1874 வரை செல்ல வேண்டியிருந்தது. அச்சட்டம் செல்லுபடியாகாது என நீதிமன்றம் சென்றது வேறெவருமல்லர். அதே ஹமில்ற்றன் கம்பனியே. ஒப்பந்தஞ் செய்யும் சுதந்திரத்தைச் சட்டம் பறிக்கிறது என்பது அதன் வாதம். 1876 இல் மாநில மேல் நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. அப்பெண் தான் விரும்பிய அளவு உழைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, ஒரே வேலையில் ஒரே வேலைகொள்வோர் அவளைத் தொடர்ந்து அவ்வெல்லைக்கு மேல் அமர்த்துவதையே தடுக்கிறது என்றது. தர்க்கம் சற்று நூலிழை போன்றது, விளைவோ சிறந்தது. அதற்கு இரு ஆண்டுகள் முன்வரை கம்பனியின் மணியோசையே நேரத்தின் சட்டமாக இருந்த நகரில் மாநிலத்தின் கடிகாரம் முதன்முறையாக நுழைந்தது.

இதே காலப்பகுதியில் வேறொரு கோட்பாடு சந்தடியின்றி உருவாகிக்கொண்டிருந்தது. பழைய ஆங்கிலப் பொதுச்சட்டம், கால எல்லை குறிக்கப்படாத வேலையை ஓராண்டு வேலையாக ஊகித்தது. விதைப்பும் அறுவடையும் சேர்ந்த வேளாண் ஆண்டின் தடம் அதில் உண்டு: கோடையில் உழைப்பைப் பெற்றுக் குளிர்காலத்தில் வேலையாளைத் தெருவில் விடுதல் தகாது என்பது அதன் அடிப்படை. 1877 இல் ஹொறஸ் வூட் என்னும் அமெரிக்கச் சட்டநூலாசிரியர், எசமானும் வேலையாளும் பற்றிய தம் நூலில், அமெரிக்காவில் அவ்வாறில்லை எனவும், கால எல்லையற்ற வேலை இரு தரப்பாரும் விரும்பியபோது முறித்துக்கொள்ளத்தக்கது எனவும் எழுதினார். ஆதாரமாக அவர் காட்டிய நான்கு வழக்குகள் அக்கூற்றை நிறுவவில்லை எனப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அதனால் என்ன? நீதிமன்றங்கள் அந்நூலைச் சுட்டின. பின்னர் ஒன்றையொன்று சுட்டின. 1895 இல் நியூ யோர்க்கின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தன் மாநிலத்தின் விதியாக ஏற்றது. ஆலை முதலாளித்துவத்திற்குத் தேவைப்பட்ட விதி, அதற்குரிய ஆதாரம் பிறக்குமுன்னரே பிறந்துவிட்டது.

அவ்விதியின் முழு நிர்வாணத்தை 1884 இன் ரெனசி மாநில வழக்கிற் காணலாம். புகையிரதக் கம்பனியொன்று, குறிப்பிட்ட வணிகர் ஒருவரின் கடையிற் பொருள் வாங்கும் ஊழியரை விலக்குவதாக அறிவித்தது. வாடிக்கையாளரை இழந்த வணிகர் வழக்காடினார். நல்ல காரணத்துக்காகவோ, காரணமின்றியோ, அறத்துக்கு ஒவ்வாத காரணத்துக்காகவோ கூட ஊழியரை விலக்க வேலைகொள்வோருக்கு உரிமை உண்டு எனப் பெரும்பான்மை நீதியரசர் தீர்த்தனர். 15 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமன்றிப் பிற காரணத்தால் ஒருவரை நீக்குவதாயின் அவரது எழுத்திலான இசைவையோ தொழில் ஆணையாளரின் முன்னங்கீகாரத்தையோ பெறவேண்டும் என்னும் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்திற் பழகிய நம்மவருக்கு இத்தீர்ப்பு வேற்றுலகச் செய்தி போலத் தோன்றும். ஆயின் அந்த வேற்றுலகமே உலகின் மிகப்பெரும் கைத்தொழில் நாடாக வளர்ந்தது.

இவ்வளவையும் சொன்ன பின், மாநிலங்கள் இயற்றிய பாதுகாப்புச் சட்டங்களை மத்திய மீயுயர் நீதிமன்றம் எவ்வாறு வெட்டியது என்ற கதையை விரிக்க வேண்டியதில்லை. அது பலராலும் எழுதப்பட்டது. வெதுப்பக ஊழியரின் நேரத்தை மட்டுப்படுத்திய நியூ யோர்க் சட்டம் 1905 இல் லொக்னர் வழக்கில் வீழ்ந்தது. சங்கத்திற் சேரமாட்டேன் என ஊழியரிடம் வாக்குறுதி எழுதி வாங்குவதைத் தடுத்த கன்சாஸ் சட்டம் 1915 இல் வீழ்ந்தது. சலவைச்சாலைப் பெண்களின் நேரம் பற்றிய ஒறிகன் சட்டம் மாத்திரம் 1908 இல் தப்பியது. அதுவும் பெண்ணின் உடல் வலிமை பற்றிய ஐயத்திற்குரிய நியாயங்களின் துணையுடன். ஒப்பந்தச் சுதந்திரம் என்னும் ஒரே மந்திரம் இத்தீர்ப்புகளில் ஒலித்தது.

எழுதப்பட்ட சட்டமும் நடைமுறையும் எவ்வளவு தொலைவில் நின்றன என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் போதும். 1911 மார்ச் 25 ஆம் நாள் நியூ யோர்க் நகரின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் குடியேறிப் பெண்கள். ஒரு வெளிக்கதவு பூட்டப்பட்டிருந்தது. துணித்துண்டு ஏதும் எடுத்துச் செல்கின்றனரா எனப் பைகளைச் சோதிப்பதற்காக, வேலை முடிவில் எல்லோரும் ஒரே வாயிலால் வெளியேற வேண்டும் என்பது அங்கு நடைமுறை. நூலோ துணியோ எடுப்பவர் திருடர் என்ற ஹமில்ற்றன் விதியை நாம் முன்னர் கண்டோம். தொழிற்சாலை உள்ளக விதி ஒன்று, கதவுகளைப் பூட்டலாகாது என்ற மாநிலச் சட்டத்தை வென்றுவிட்டது என்றே இதனைச் சொல்ல வேண்டும். உடைமையாளர் இருவரும் அவ்வாண்டு இறுதியில் குற்றவாளிகள் அல்லர் என விடுவிக்கப்பட்டனர். தீ மூண்டதற்கு முதல்நாளே, மாநிலத்தின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை நியூ யோர்க் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்திருந்தது என்பது வரலாற்றின் கொடிய தற்செயல்களுள் ஒன்று. இதன்பின் ரொபேட் வாக்னரின் தலைமையில் அமைந்த தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவின் பயனாக அம்மாநிலம் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்களை இயற்றியது.

மற்றது கொலராடோ மாநிலத்து லட்லோ. 1913 இல் வேலைநிறுத்தத்தில் இறங்கிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஏழு கோரிக்கைகளை முன்வைத்தனர். எட்டு மணி வேலைநாள், நிலக்கரி நிறுப்பதைக் கண்காணிக்கத் தாம் தேர்ந்த ஒருவர், விரும்பிய கடையில் பொருள் வாங்கும் உரிமை முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றுட் பல ஏற்கெனவே கொலராடோவின் சட்டங்களாயிருந்தன. மாநிலச் சுரங்கச் சட்டங்களை நடைமுறைப்படுத்துக என்பதே ஒரு தனிக் கோரிக்கையாயிற்று! இருக்கும் சட்டத்துக்கு வேலைகொள்வோர் இணங்கவேண்டும் எனக் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்த அம்மக்களின் கூடாரங்கள் 1914 ஏப்ரல் 20 இல் மாநிலப் படையினரால் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. கூடாரத்தின் கீழ்த் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சடைத்து மாண்டனர். சட்ட இணக்கம் என்ற சொல் இன்று அலுவலக மேசைகளில் எவ்வளவு அமைதியாகப் புழங்குகிறது என்பதை எண்ணும்போது இக்குழியையும் எண்ணாதிருக்க முடியவில்லை.

அதே 1914 இன் சனவரியில் ஹென்றி போர்ட் நாளொன்றுக்கு 5 டொலர் கூலியை அறிவித்தார். வேலைநாள் 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த ஐந்து டொலரின் பெரும்பாதி இலாபப் பங்கு எனப் பெயர் பெற்றது. அதனைப் பெறத் தகுதியுண்டா என அறியக் கம்பனியின் சமூகவியற் பகுதியினர் ஊழியரின் வீடுகளுக்குச் சென்று சேமிப்பு, குடிப்பழக்கம், வீட்டின் தூய்மை, மணவாழ்வு என்பனவற்றை விசாரித்தனர். 1915 இல் ஊழியருக்கான அறிவுரைக் கைந்நூல் ஒன்றும் வெளியிடப்பட்டது. லோவெல் விதித்தாளுக்கும் இதற்குமிடையே தொனி மாறியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. முன்னையது கட்டளையிட்டது, இது நலம் விசாரித்தது. ஞாயிறு வழிபாட்டின் இடத்தைச் சேமிப்புப் புத்தகம் பிடித்துக்கொண்டது. ஒழுங்கு ஒழுங்காகவே இருந்தது.

வாஷிங்ரன் மாநிலத்து விடுதிப் பணிப்பெண் எல்சி பரிஷ், மாநிலக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி தமக்குச் சேரவேண்டிய நிலுவையைக் கேட்டுத் தொடுத்த வழக்கில், 1937 இல் மீயுயர் நீதிமன்றம் தன் பழைய போக்கைக் கைவிட்டது. 1935 இல் வாக்னர் சட்டமும் 1938 இல் நியாயத் தொழிற் தராதரச் சட்டமும் வந்தன. ட்ரையாங்கிள் ஆணைக்குழுவில் தலைமை தாங்கியவரே வாக்னர் என்பதையும், அத்தீயை நேரிற் கண்ட பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் அம்மையாரே அப்போது தொழிற் செயலாளர் என்பதையும் நினைவூட்டுவோம். எனினும் பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலையாட்களும் இச்சட்டங்களுக்கு வெளியே விடப்பட்டனர். தென் மாநிலங்களில் அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

சங்கங்கள் வலுப்பெற்ற தொழில்களில் கூட்டு உடன்படிக்கைகள் தோன்றின. நியாயமான காரணமின்றி விலக்கலாகாது என்பது அவற்றின் முதன்மையான வாசகங்களுள் ஒன்றாயிற்று. சங்கம் நுழையாத கம்பனிகள் சங்கம் நுழையாதிருப்பதற்காகவே அதே வாசகங்களைத் தம் கைந்நூல்களில் இரவல் வாங்கின: முறைப்பாட்டு வழி, படிப்படியான எச்சரிக்கை, நியாயமான காரணம், நன்கு உழைக்கும்வரை வேலை நிலைக்கும் என்ற உறுதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய மூன்று பத்தாண்டுகளில் பணியாளர் பகுதிகள் இவ்வகை நூல்களைப் பெருக்கின. சங்கம் எதற்கு, யாவும் இங்கே உள்ளன என்பதே அவற்றின் சொல்லாத செய்தி. சங்கத்தின் உடன்படிக்கைக்கு நடுவர் இருந்தார்; கைந்நூலுக்கு நடுவர் இல்லை. ஆகவே அவ்வுறுதிகள் செலவற்றவை என வேலைகொள்வோர் கருதினர்.

செலவு பின்னர் வந்தது. விரும்பியபோது விலக்கும் விதியில் முதற் பெருங்கீறல் 1959 இல் கலிபோர்ணியாவில் விழுந்தது. சட்டசபைக் குழுவின் முன் பொய்ச்சாட்சி சொல்ல மறுத்தமைக்காக விலக்கப்பட்டதாக ஊழியர் ஒருவர் வழக்காடினார். பொதுநலக் கொள்கைக்கு மாறான விலக்கல் செல்லாதென நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கில் வேலைகொள்வோராக நின்றது ஒரு தொழிற்சங்கம் என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. வேலைகொள்வோரின் நாற்காலியில் அமர்ந்தவர் எவராயினும் அந்நாற்காலியின் மொழியைப் பேசக் கற்றுக்கொள்கின்றார்.

1980 இல் மிச்சிகன் மாநிலத்தின் ரூசன்ற் வழக்கு கைந்நூலையே நேராக எடுத்துக்கொண்டது. மருத்துவக் காப்புறுதி நிறுவனமொன்றில் ஐந்தாண்டு பணியாற்றி விலக்கப்பட்ட இடைநிலை அலுவலர் அவர். நியாயமான காரணத்துக்காக மாத்திரமே விலக்குவோம் என்ற வாசகம் நிறுவனத்தின் கையேட்டில் இருந்தது. மாநில மேல் நீதிமன்றத்தின் நியாயம் எளியது: கொள்கை வகுக்குமாறு வேலைகொள்வோரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை, தாமே வகுத்து, ஊழியருக்கு அறிவித்து, அதனால் ஒழுங்கும் ஒத்துழைப்பும் விசுவாசமும் உடைய ஊழியரைப் பெற்றுப் பயனடைந்தபின், அது தம்மைக் கட்டாது எனச் சொல்ல இடமில்லை. 1983 இல் மினசோற்றா நீதிமன்றம், வேலையில் அமர்ந்த பின் தரப்பட்ட கைந்நூலுங்கூட ஒப்பந்தமாகலாம் என்றது. விலகிச் செல்லக்கூடிய ஊழியர் விலகாது தொடர்ந்து உழைப்பதே அவ்வுறுதிக்கு அவர் செலுத்தும் விலை என்பது அதன் விளக்கம். உழைப்பை ஒப்பந்தத்தின் மறுபக்கமாகக் கண்ட இவ்விளக்கத்தை, அத்தீர்ப்புகளுள் ஆழமானதாக நாம் கருதுகின்றோம். ஒரு நூற்றாண்டுக் காலம் ஊழியரின் இருப்பு அவரது சம்மதமாகவே வாசிக்கப்பட்டு வந்தது. இங்கு முதன்முறையாக அதே இருப்பு அவர் ஈட்டிய உரிமையாக வாசிக்கப்பட்டது.

1985 இல் நியூ ஜேர்சியின் வூலி வழக்கு இவ்வரிசையின் உச்சம். மருந்துற்பத்திக் கம்பனியில் 1969 முதல் பணியாற்றி 1978 இல் நீக்கப்பட்ட பொறியியலாளருக்குச் சார்பாக, பரவலாக வழங்கப்பட்ட கையேட்டின் வேலைப்பாதுகாப்பு வாசகங்கள் கம்பனியைக் கட்டும் என நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் அதே தீர்ப்பு வெளியேறும் கதவையும் காட்டியது. கட்டுப்பட விரும்பாத வேலைகொள்வோர், இந்நூலில் எவ்வுறுதியும் இல்லை, இஃது ஒப்பந்தமன்று, காரணத்துடனோ காரணமின்றியோ விலக்க நமக்கு உரிமையுண்டு என்பதைத் தெளிவாகவும் கண்ணில் படும் இடத்திலும் அச்சிட்டால் போதும் என்றது.

அமெரிக்க வேலைகொள்வோர் அக்கதவால் வெளியேறினர். வழக்கறிஞர் கைந்நூல்களைத் திருத்தினர். இந்நூல் ஒப்பந்தமன்று என்ற வாசகம் முதற் பக்கத்துக்கு வந்தது; அதனை வாசித்து விளங்கிக்கொண்டேன் என்ற கையெழுத்துத் தாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. நியாயமான காரணம் என்ற சொற்கள் மறைந்தன. நிரந்தர ஊழியர் என்பது வழமையான ஊழியர் ஆயிற்று. 1848 இல் ஒப்பந்தம் என முழங்கிய அதே வகை ஆவணம் இப்போது ஒப்பந்தமன்று எனச் சத்தியஞ் செய்தது. இரண்டு வாசகங்களும் முரண்பட்டவை போலத் தோன்றினும் அவற்றை எழுதிய நலன் ஒன்றே. விதி தொழிலாளியை மாத்திரம் கட்டிய காலத்தில் அது ஒப்பந்தம். எழுதியவரையும் கட்டும் என்ற அச்சம் எழுந்ததும் அது வெறும் வழிகாட்டி. 2000 ஆம் ஆண்டில் கலிபோர்ணிய மேல் நீதிமன்றம், தான் அளித்த வேலைப்பாதுகாப்புக் கொள்கையைக் காலம் கடந்தபின் தகுந்த அறிவித்தலுடன் ஒருதலையாகவே நீக்கவும் வேலைகொள்வோருக்கு உரிமையுண்டு என்றது.

ஒன்று மாத்திரம் ஒப்பந்தமாகவே நின்றது: பிணக்கு எழுந்தால் நீதிமன்றம் செல்லேன், தனியார் நடுவரிடமே செல்வேன், அதுவும் பிற ஊழியருடன் சேராது தனித்தே செல்வேன் என்னும் உடன்பாடு. 2018 இல் எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில் மத்திய மீயுயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் அத்தகைய உடன்பாடுகளை வலுவுடையனவாக ஏற்றது. கைந்நூல் ஒப்பந்தமன்று எனச் சொல்லிவிட்டு அதன் ஒரு பக்கத்தை மாத்திரம் ஒப்பந்தம் எனக் கோருதல் கூடாதெனச் சில நீதிமன்றங்கள் மறுத்ததுண்டு. அதற்கு மறுமொழியாக நடுவர் உடன்பாட்டைத் தனித்தாளில் அச்சிடும் வழக்கம் பரவியது. சங்கமின்மையிலும் சட்டப் பாதுகாப்பு முற்றாக இல்லாதொழியவில்லை. ஊழியரின் கூட்டு நடவடிக்கையை அச்சுறுத்தும் கைந்நூல் விதிகள் வாக்னர் சட்டத்தை மீறுவனவா என்பதைத் தேசியத் தொழில் உறவுச் சபை 2004, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு அளவுகோல்களால் அளந்தது. ஆட்சி மாறச் சபையின் பெரும்பான்மை மாறும்; அதனுடன் அளவுகோலும் மாறும்.

மாநில வேறுபாடுகளோ பெருகியே வந்துள்ளன. நோய் விடுமுறைக்குச் சம்பளம் வழங்கும் சட்டத்தைக் கனெக்ரிகட் 2011 இல் மாநிலங்களுள் முதலாவதாக இயற்றியது. விலக்கப்படும் ஊழியரின் நிலுவைச் சம்பளத்தை அவ்விடத்திலேயே செலுத்தவேண்டும் எனக் கலிபோர்ணியச் சட்டம் விதித்தது. பிற மாநிலங்கள் அடுத்த சம்பள நாள்வரை பொறுத்தன. இதனாற் பல மாநிலங்களில் இயங்கும் கம்பனிகளின் கைந்நூல்களுக்கு மாநிலவாரியான பின்னிணைப்புகள் தேவைப்பட்டன. மக்கள் போராடிப் பெற்ற உரிமைகள் அவ்வாறு பின்னிணைப்புகளாகவே அத்தொழிலாளரின் கைக்கு வந்து சேர்கின்றன.

மொன்ரானா மாநிலம் மாத்திரம் வேறுவழி சென்றது. நீதிமன்றங்கள் ஊழியருக்கு வழங்கிய பெரும் இழப்பீடுகளால் அஞ்சிய வேலைகொள்வோரும் காப்புறுதிக் கம்பனிகளும் எல்லை வேண்டி நின்ற சூழலில், 1987 இல் அம்மாநிலச் சட்டசபை முறையற்ற விலக்கல் பற்றிய சட்டத்தை இயற்றியது. நன்னடத்தைக் காலம் முடிந்தபின் தக்க காரணமின்றி விலக்குதல் முறையற்றது என்றது அச்சட்டம். அதற்கு ஈடாக, இழப்பீட்டை நான்காண்டுச் சம்பளத்துக்கு மட்டுப்படுத்தியது. மேலும், வேலைகொள்வோர் தாமே எழுதிய பணியாளர் கொள்கையின் வெளிப்படையான ஏற்பாட்டை மீறி விலக்குவதும் முறையற்ற விலக்கலே எனத் தனிப்பிரிவில் விதித்தது. இழப்பீட்டின் எல்லையை எதிர்த்து ஊழியர் தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் 1989 இல் மாநில மேல் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. மாநிலச் சட்டங்களை ஒருமைப்படுத்தும் ஆணையாளர் மாநாடு 1991 இல் இதனை ஒத்த மாதிரிச் சட்டமொன்றை வரைந்து எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைத்தது. எந்த மாநிலமும் அதனை ஏற்கவில்லை.